இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் சதாசிவன்

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திரு-கொச்சி ராஜ்யத்துக்கா, மதராஸ் ராஜ்யத்துக்கா என்று இரண்டு கட்சிக்காரர்களும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம். அதை விஞ்ஞான முறையில் தீர்த்துவைக்க ஓர் உபகமிஷன் வந்து இறங்கியது. அதன் முழுப்பெயர் 'எல்லைப்புற விமான நிலைய தூர, பயணநேர நிர்ணய உபகமிஷன்'. ஒரே மூச்சில் இதைச் சொல்லி முடிக்கத் தெரிந்தவர் அதன் தலைவர் ஒருவர்தான். செயலாளர் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்குவார்.

முதல் கூட்டம் நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. தலைவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், புத்தகத் தமிழ் பேசுவார். அவர் பேசியதைச் செயலாளர் மலையாளத்தில் சொல்வார். கூடியிருந்த ஜனங்களுக்கு இரண்டும் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடவை சிரித்தார்கள்.

"பெருமக்களே!" என்று தலைவர் ஆரம்பித்தார். "மொழியை வைத்து எல்லையைத் தீர்மானிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே ஒரே வீட்டில் தகப்பனார் தமிழில் திட்டுகிறார், தாயார் மலையாளத்தில் அழுகிறார். ஆகவே மொழியை நம்ப முடியாது. தூரத்தை நம்பலாம். அதிலும் விமான நிலையத் தூரத்தை மிகமிக நம்பலாம். திருவனந்தபுரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. மதுரைக்கு வெளியே யுத்த காலத்து விமானத்தளம் ஒன்று இருக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக ஒரு சாமானிய மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்டுபிடிப்போம். அதைச் சரிபாதியாக வெட்டுவோம். வெட்டு விழுகிற இடம்தான் எல்லை!"

பாதி என்றால் அது திருநெல்வேலிப் பக்கம் அல்லவா விழும் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அது முடிவு வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி என்று தலைவர் அவரை உட்கார வைத்தார். விமானத்திலேயே பறந்து பார்த்துவிடலாமே என்று இன்னொருவர் கேட்டார். "பறந்து போனால் நடுவில் உள்ள ஊர்கள் கண்ணில் படாது. ஊர்களுக்காக அல்லவா கமிஷன்!" என்றார் தலைவர். அந்தப் பதிலில் அவருக்கே ஒரு சந்தோஷம் உண்டாகி, இன்னொரு தடவையும் சொன்னார்.

அந்தச் சாமானிய மனிதனுக்கு 'மாதிரிப் பயணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். உயரமாகவும் இருக்கக் கூடாது, குட்டையாகவும் இருக்கக் கூடாது. இரண்டு மொழியும் தெரிய வேண்டும். எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் எழுந்து சாயா குடிக்கப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் கையைத் தூக்கியவன் பாறசாலை சதாசிவன். சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்தான். ஊர்வலத்துக்கு இரண்டு கட்சிக்கும் சைக்கிள் கொடுப்பவன். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பாதி வியாபாரம் போய்விடும் என்பதால் நடுநிலையில் நின்றான்.

கையைத் தூக்கியதற்குக் காரணம் நாட்டுப்பற்று இல்லை. பக்கத்து ஊரான செங்கலில் குடியிருக்கும் பொன்னப்பனின் இளைய மகள் சுகுமாரிதான் காரணம்.

சுகுமாரி பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். சதாசிவன் கடை வழியாகத்தான் தினமும் போய்வருவாள். இரண்டு பேருக்கும் மனசுக்குப் பிடித்துப்போய், முறைப்படி பெண் கேட்டும் ஆகிவிட்டது. உதியன்குளங்கரை முக்கில் கொப்பரைக் கடை வைத்திருந்த பொன்னப்பன் மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் சொல்லவில்லை.

"எலே சதாசிவா, கடை உண்டு, குணம் உண்டு, எல்லாம் செரி. ஆனா உன் வீடு எந்த ஸ்டேட்டுல நிக்குன்னு உனக்கே தெரியாது. காலத்த பேப்பர்ல கோடு அமரவிளை ஆத்துல கெடக்கு. வைகிட்டு பேப்பர்ல குழித்துறைக்குப் போயிருது. நாளைக்கு நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல விழுந்தா? மூத்தவ சத்யபாமைய பம்பாயில கட்டிக் குடுத்தேன். நல்ல எடம்னு எல்லாரும் சொன்னாவ. இப்பம் என் பேரப்பிள்ளைக்கு என்னக் கண்டா பயமாக்கும். வேத்தாளு இல்லியா நான்? இவளையும் வேற ஸ்டேட்டுக்கு அனுப்பச் சொல்லாத மக்கா. கோடு விழட்டும். பொறவு பேசுவோம்."

சொல்லும்போதே அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. சதாசிவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். சுகுமாரிதான் மறுநாள் கடை வாசலில் நின்று, "அப்பா சொன்னதும் நியாயம், நீங்க கேட்டதும் நியாயம். ஆனா கோடு விழுறதுக்குள்ள எனக்கு நரச்சிரும். என்னத்தையாவது செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கமிஷன் சீக்கிரம் முடிந்தால் கோடு சீக்கிரம் விழும், கல்யாணம் சீக்கிரம் நடக்கும் என்று சதாசிவன் கணக்குப் போட்டான். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு புறப்பட்டான்.

போராட்டத்தினால் பஸ் சரியாக ஓடாத நாட்கள் அவை. எனவே மாதிரிப் பயணி திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் தன் சைக்கிளில் ஏறி, மதுரை விமானத்தள வாசலில் இறங்க வேண்டும் என்று உத்தரவு. அவனுக்குப் பின்னால் ஒரு ஜீப். அதில் தலைவர், கழுத்தில் ஸ்டாப்வாட்சு தொங்கும் செயலாளர், சிவப்புக் கொடி பிடித்த பியூன். தலைவர் கொடியசைக்கச் சொல்ல, பியூன் அசைத்தான். அப்போது தலையின் மேல் ஒரு விமானம் பறந்து போயிற்று. கமிஷனில் ஒருவரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நெய்யாற்றின்கரை வரைக்கும் சதாசிவன் நன்றாகத்தான் மிதித்தான். வழியில் அவனைத் தெரிந்தவர்கள் கிடையாது. அமரவிளைப் பாலத்தைத் தாண்டியதும் வாசல்படியில் அவன் அப்பாவின் தங்கை தங்கபாய் நின்றுகொண்டிருந்தாள்.

"எலே மக்கா, எங்கோட்டு?"

"மதுரைக்கு மாமி. கமிஷன் வேலையாக்கும்."

"மதுரைக்கா! வெறும் வயித்தோடயா? எறங்குலே."

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் 'எங்கோட்டு' என்று கேட்டால் கேட்டவருக்குப் போகிற இடம் தெரிய வேண்டும் என்று அர்த்தமில்லை. இறங்கி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டுப் போக வேண்டும். நிற்காமல் போனால் அவமரியாதை. அதைக் கல்யாணத்திலும் சாவிலும் சொல்லிக்காட்டுவார்கள். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் குடிக்காமல் போனால் அது அதைவிடப் பெரிய அவமரியாதை. அமரவிளையிலிருந்து பாறசாலை வரை சாலையின் இரண்டு பக்கமும் சதாசிவனுக்குச் சொந்தக்காரர்கள் குடியிருந்தார்கள். சொந்தமில்லாதவர்கள் சைக்கிள் எடுத்த பழக்கத்தில் சொந்தமாகியிருந்தார்கள்.

மாமி கமிஷனையும் விடவில்லை. விசாரணைக்கு உட்பட்ட பிரதேசத்தில் அரசு ஊழியர்கள் எதையும் அருந்துவதற்கில்லை என்று தலைவர் ஜீப்பிலிருந்தபடியே அறிவித்தார்.

"அருந்தாண்டாம் சாரே, குடிச்சா போரும்" என்று கருப்பட்டிக் காப்பியைக் கையில் திணித்தாள் மாமி.

அடுத்த வீட்டில் ஏத்தன்பழம். அதற்கடுத்த வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ஒவ்வொரு வாசலிலும் செயலாளர் ஸ்டாப்வாட்சை நிறுத்துவதா வேண்டாமா என்று தலைவரைக் கேட்பார். தலைவரின் வாயில் ஏதாவது இருக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் பாறசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். அது சதாசிவனின் ஊர். அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் தலைவர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். மற்ற இடங்களைவிட இந்தப் பகுதியில் மைல் நீளமாக இருக்கிறது. உடனே அமரவிளைக்கும் பாறசாலைக்கும் இடையிலிருந்த மைல்கற்களைத் தோண்டியெடுத்து ஜீப்பில் ஏற்றி, ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனார்கள். கற்களில் ஒரு குற்றமும் இல்லை. திரும்ப நடுகிறபோதுதான் எந்தக் கல் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நாளைக்குப் பாறசாலைக்காரர்கள் திருவனந்தபுரத்தை நோக்கிப் போகப் போகத் திருவனந்தபுரம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் முயற்சிக்குப் புது விதி வந்தது. மாதிரிப் பயணி யாரோடும் பேசக் கூடாது. சதாசிவனின் நெஞ்சில் 'பேச மாட்டார்' என்று இரண்டு மொழியிலும் எழுதிய பலகையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"எங்கோட்டு மக்கா?" என்று கேட்டாள் தங்கபாய் மாமி.

சதாசிவன் நெஞ்சுப் பலகையைத் தொட்டுக் காட்டினான். கும்பிட்டுவிட்டு மிதித்தான். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மாமியை இப்படிக் கடந்துபோகிறோமே என்று அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமி அந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, பிள்ளைக்கு எங்கிட்ட பிணக்கம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

பிணக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தீர்க்காமல் அந்த ஊரில் யாருக்கும் சோறு இறங்காது. சதாசிவன் அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் நாலைந்து பெரிய மனுஷர்கள் சாலையில் பெஞ்சு போட்டு மறித்துவிட்டார்கள். இரண்டு தரப்பையும் சாராத ஒரு நடுவர் தேவைப்பட்டார். கோட்டும் கண்ணாடியுமாக ஜீப்பில் உட்கார்ந்திருந்த தலைவரைக் கைகொடுத்து இறக்கி நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நடு நாற்காலி என்றால் தலைவருக்குச் சும்மா இருக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இரு சாராரும் தம் கட்சியைச் சொல்லலாம்" என்றார்.

ஒரு சாரார் பேசக் கூடாது என்று விதி போட்டதே அவர்தான். அது அவருக்கு மறந்துபோயிற்று. மாமி பேசினாள். மாமியின் அண்டைவீட்டுக்காரர் வந்து மதில் தகராறைச் சொன்னார். அதைக் கேட்டு, பத்து வருஷமாகப் பேசாதிருந்த இரண்டு அண்ணன் தம்பிகள் தங்கள் பலா மரத்தைப் பற்றி முறையிட்டார்கள். தலைவர் எல்லோருக்கும் தீர்ப்புச் சொன்னார். கிளை யாருக்கு, பழம் யாருக்கு, சருகு கூட்டுவது யார் என்று பிரித்துக் கொடுத்தார். வாழ்நாளில் அவருக்கு அவ்வளவு நிறைவான நாள் வாய்த்ததில்லை என்று பிற்பாடு செயலாளர் சொன்னார். இருட்டுவதற்கு முன் சதாசிவனை அவன் வீட்டில் கொண்டுவிட்டார்கள்.

"பயணி மக்களைப் பார்க்கிறார், மக்கள் பயணியைப் பார்க்கிறார்கள். இரண்டையும் நிறுத்தினால் நேரம் துல்லியமாகக் கிடைக்கும்" என்று அன்றிரவே முடிவானது. மூன்றாம் முயற்சியில் சைக்கிள் கிடையாது. நான்கு பக்கமும் அடைத்த ஒரு வேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளியே பூட்டு. உள்ளே மாதிரிப் பயணி.

"கதவைத் தெறக்காம மதுர வரைக்குமா சாரே?" என்று சதாசிவன் கேட்டான்.

"எல்லை உன் கையில் இருக்கிறது, தம்பி" என்று தலைவர் அவன் தோளைத் தட்டினார். சதாசிவனுக்கு எல்லை தெரியவில்லை, சுகுமாரியின் முகம்தான் தெரிந்தது. ஏறி உட்கார்ந்தான்.

அமரவிளையில் வேன் கொதித்துவிட்டது. தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். பொழியூரிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் மார்கிரெட் கூடையோடு அந்த வழியாக வந்தாள்.

"வண்டியில என்னத்த கொண்டு போறீய?" என்று பியூனைக் கேட்டாள்.

பியூன் விதிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். "பாறசாலை சதாசிவன். பேசாது, திங்காது, வெளிய பாக்காது. தெறந்து காட்டப்பிடாதுன்னு ஆர்டர்."

மார்கிரெட் கூடையை இறக்கி வைத்தாள். "எனக்க மாதாவே! அந்தப் பாவம் போயிட்டானா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினாள். வேனுக்குத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் செய்தி உதியன்குளங்கரைக்குப் போய்விட்டது. அதற்கு விமானமும் வேண்டியிருக்கவில்லை, சைக்கிளும் வேண்டியிருக்கவில்லை.

வேன் உதியன்குளங்கரை முக்கை அடைந்தபோது சாலை தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. சதாசிவன் போலீஸ் காவலில் இருப்பதாகப் பாதிப்பேர் நம்பினார்கள். செத்துப்போனதாகப் பாதிப்பேர் நம்பினார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அவன் தங்கள் ஆள் என்று சத்தியம் செய்தார்கள். இந்தப் பக்கம், "சதாசிவனை விடுதலை செய்!" என்று கோஷம். அந்தப் பக்கம், "சதாசிவனெ விட்டயய்க்குக!" என்று கோஷம். இரண்டு கூட்டமும் அவன் கடைச் சைக்கிள்களில்தான் வந்திருந்தது.

உள்ளே இருட்டில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த சதாசிவன் தன்னைப் பற்றிய ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார்கள். சிலது அவனுக்கே புதிதாக இருந்தது. வாயைத் திறந்தால் முயற்சி பாழாகும், கோடு விழாது, கல்யாணம் தள்ளிப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அப்போது வேனின் தகரத்தில் யாரோ தலையால் முட்டுகிற சத்தம் கேட்டது.

"மருமோனே! ஒரு கோட்டுக்காவ உன்ன நிப்பாட்டி வச்சேனே, பாவி நான்! எனக்க மோளுக்கு இனி யாருலே உண்டு!"

பொன்னப்பனின் குரல். அவர் வாயிலிருந்து மருமகன் என்ற சொல்லைக் கேட்ட பிறகு சதாசிவனுக்குக் கமிஷனும் விதியும் ஞாபகத்தில் நிற்கவில்லை.

"மாமா! நான் சாவலே! கதவத் தெறங்க, வேக்குது!"

சாவி வைத்திருந்த செயலாளர் கூட்டத்தில் எங்கேயோ சிக்கியிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த சுகுமாரி சாலையோரக் கல்லொன்றை எடுத்து, பூட்டின் மேல் இரண்டு போடு போட்டாள். கதவு திறந்தது. நனைந்த துணியாக வெளியே வந்த சதாசிவனைப் பார்த்து அவள் சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். தங்கபாய் மாமி ஒரு செம்பு மோரோடு வந்து சேர்ந்தாள். விடுதலை வாங்கிக்கொடுத்தது யார் என்பதில் இரண்டு கட்சிக்கும் புதுத் தகராறு தொடங்கியது.

தலைவர் ஜீப்பின் மேல் ஏறி நின்றார். முகம் சிவந்திருந்தது.

"பெருமக்களே! இரண்டு விமான நிலையங்களிலும் ஒரு குறையும் இல்லை. அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்திலும் ஒரு குறையும் இல்லை. அந்தத் தூரத்தில் மனிதர்கள் குடியிருப்பதுதான் குறை! இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. நீங்கள் மட்டும் இல்லாதிருந்தால் உங்கள் பிரச்சினையை எப்போதோ தீர்த்திருப்போம்!"

ஜனங்கள் கைதட்டினார்கள். செயலாளர் மொழிபெயர்த்ததும் மறுபடியும் தட்டினார்கள். பொன்னப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாரே, ஒரு சம்சயம். இவன் சைக்கிள்ல போனானே, பாறசாலையத் தாண்டினானா?"

"தாண்டவில்லை."

"வாய மூடிக்கிட்டுப் போனப்பம்?"

"தாண்டவில்லை."

"இப்பம் பூட்டிக் கொண்டுபோனியளே?"

"பாறசாலைக்கே வந்து சேரவில்லை! இந்த ஆளை வைத்துக்கொண்டு எந்தத் திசையிலும் எந்தப் பயணமும் சாத்தியமில்லை என்று அறிக்கை கொடுக்கப்போகிறேன்!"

பொன்னப்பன் சிரித்தார். வருஷக்கணக்கில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சுகுமாரியின் கையைப் பிடித்து சதாசிவன் பக்கத்தில் நிறுத்தினார்.

"கேட்டியளா எல்லாரும்? கவர்மெண்டு ஜீப்பும் வேனும் வச்சு இழுத்தும் இவன் இந்த ஊரத் தாண்டல்ல. இவன் எனக்க மோளக் கூட்டிக்கிட்டு எங்கலே போவான்? கோடு எங்கயும் விழட்டும். ஆவணியில கல்யாணம்!"

கல்யாணத்துக்கு உபகமிஷன் வந்திருந்தது. சதாசிவன் தாலி கட்டும்போது தலைவர் பேச எழுந்தார். மாமி பாயசத்தைக் கொடுத்து உட்காரவைத்தாள். பிற்பாடு ஒருநாள் டெல்லியில் யாரோ கோடு போட்டார்கள். அது களியக்காவிளையோடு நின்றுவிட்டது. செங்கலும் பாறசாலையும் ஒரே பக்கம் விழுந்தன. கோடு போட்டவர்கள் விமான நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து மகளும் மருமகனும் முதல் தடவையாக வருகிறார்கள் என்று பொன்னப்பன் விடிந்ததிலிருந்து வாசலில் நின்றார். பாறசாலைக்கும் செங்கலுக்கும் நடந்தால்கூட அதிக நேரமாகாது. அவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புதுப்பெண் புதுமாப்பிள்ளை, வழியில் எந்த வீடு சும்மா விடும்? வயிறு நிரம்பிப் போய், சமைத்து வைத்திருந்ததில் ஒரு கை அள்ளித் தின்னவும் முடியவில்லை.

பொன்னப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்த தடவ நீங்க வராண்டாம். நான் வந்து கூட்டிக்கிட்டு வாறேன். ஒரு எட்டுல போய் ஒரு எட்டுல வருவேன்" என்றார்.

சொன்னபடியே அடுத்த வாரம் காலையில் கிளம்பினார். இப்போது அவர் சதாசிவனின் மாமனார். சாலையின் இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்கெல்லாம் சம்பந்தி. முதல் வாசலிலேயே தங்கபாய் மாமியின் மகன் வீடு. அவன் 'எங்கோட்டு' என்று கேட்டான், அவர் படியேறினார்.

பாறசாலையில் சுகுமாரி வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்து கால் ஓய்ந்துபோனாள். வெயில் தாழ்ந்த பிறகு பொன்னப்பன் சாலையில் பைய நடந்துவருவது தெரிந்தது. வேட்டியில் மீன்கறி சிந்தியிருந்தது. வாயில் யாரோ கொடுத்த வெற்றிலை. சுகுமாரி ஓடிப்போய் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலத்தயிலிருந்து காத்துக் கெடக்கேன். இந்தா கெடக்கு செங்கல், இவ்வளவு நேரமா அப்பா?"

பொன்னப்பன் ஏப்பம் விட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படியொரு திருப்தி.

"நல்ல தூரம் உண்டு, மோளே."